போடிமெட்டுக்கு மேலே ஓட வருகிறவர்களுக்கு

மலையில் ஓட ஆசைப்பட்டு வருகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை கிலோமீட்டர்?" என்றுதான். மதுரையிலோ தேனியிலோ தார்ச்சாலையில் பத்துக் கிலோமீட்டரை ஒரு மணி நேரத்தில் ஓடி முடிக்கிறவர் வேறு எப்படிக் கேட்பார்? ஆனால் தமிழ்நாடு–கேரள எல்லையில் இருக்கும் போடிமெட்டைத் தாண்டி, இடுக்கி மாவட்டத்துச் சூரியநெல்லி, மூணாறு, வட்டவடைப் பக்கம் அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு கிளம்பினால் இருட்டில் மாட்டிக்கொள்வீர்கள். இங்கே கேட்க வேண்டியது இரண்டு. மொத்தம் எத்தனை மீட்டர் ஏற்றம்? எத்தனை மணிக்குள் திரும்பி வந்தாக வேண்டும்? மீதி எல்லாம் இந்த இரண்டுக்கும் கட்டுப்பட்டவை.

போடிநாயக்கனூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 350 மீட்டர். கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம் 2,400 மீட்டரைத் தொடுகிறது. நேர்கோட்டில் பார்த்தால் இரண்டும் பக்கம்தான், நடுவில் இரண்டு கிலோமீட்டர் உயரம் செங்குத்தாக நிற்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் ஆறரை டிகிரி குறையும். போடியில் 32 டிகிரியில் வியர்த்துக்கொண்டு ஜீப் ஏறுகிறவர் மேலே 19 டிகிரியில், ஈரச் சட்டையோடு, காற்றுக்கு நடுவில் இறங்குவார். 

நேரத்தைக் கணக்குப் போடுவது

1892-இல் ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் நெய்ஸ்மித் சொன்ன கணக்கு இன்றும் கைகொடுக்கிறது. ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். போக வர 12 கிலோமீட்டர் தூரம், 900 மீட்டர் ஏற்றம் என்றால் தூரத்துக்கு இரண்டேகால் மணிக்குக் கொஞ்சம் மேல், ஏற்றத்துக்கு ஒன்றரை மணி, ஆகமொத்தம் நான்கு மணி நேரம். இது நடப்பவருக்கான கணக்கு, நான் ஓடுகிறவன் என்று நீங்கள் சொல்லலாம். புதியவர் என்றால் நடப்பவரின் கணக்கையே வைத்துக்கொள்ளுங்கள். முன்னாலேயே முடித்துவிட்டால் ஒரு டீ கூடுதலாகக் குடிக்கலாம், நஷ்டமில்லை.

அந்த நான்கு மணி நேரத்தில் இரண்டே முக்கால் மணி கழிந்தும் உச்சிக்கு வரவில்லையா? திரும்பிவிட வேண்டும். உச்சி கண்ணுக்குத் தெரிகிறது, இன்னும் இருபது நிமிடம்தான் என்றெல்லாம் மனசு பேசும். திரும்பும் நேரத்தைக் கிளம்பும் முன்பே காகிதத்தில் எழுதி வைப்பது இதற்காகத்தான். களைத்த உடம்போடு மேலே நின்று யோசித்தால் கணக்கு எப்போதும் ஆசைப் பக்கமே சாயும்.

எந்தப் பாதை உங்களுக்கு, எது இல்லை

இந்தப் பகுதியை அவசரமாகத் தாண்டிப் போய்விடாதீர்கள். இங்கே மலை முகடுதான் பல இடங்களில் மாநில எல்லை. கால் ஒன்று தேனி மாவட்டத்தில், இன்னொன்று இடுக்கியில் இருக்கும். இரண்டு வனத்துறை, இரண்டு விதிமுறை. இணையத்தில் யாரோ ஏற்றி வைத்த வழித்தடத்தைப் போனில் இறக்கிக்கொண்டு வருகிறவர்கள்தான் அதிகம் சிக்கலில் மாட்டுகிறார்கள். அந்தத் தடம் அனுமதி இல்லாமல் போனவருடையதாக இருக்கலாம். காப்புக்காட்டுக்குள்ளோ சரணாலயத்துக்குள்ளோ அனுமதியின்றி நுழைவது குற்றம், "தெரியாமல் வந்துவிட்டேன் சார்" என்பது அங்கே எடுபடாது.

எரவிகுளம் தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் ஆனைமுடி, 2,695 மீட்டர், தென்னிந்தியாவின் உயரமான சிகரம். அங்கே ஓடலாம் என்ற எண்ணத்தையே விட்டுவிடுங்கள். ராஜமலைப் பகுதிக்குப் பூங்கா பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம், அதுவும் வரையாடு குட்டி போடும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மூடிவிடுவார்கள். மீசைப்புலிமலை 2,640 மீட்டர். கேரள வனவளர்ச்சிக் கழகத்தின் ஏற்பாட்டில் வழிகாட்டியோடுதான் அங்கே போக முடியும், வேகமும் அவர் வைப்பதுதான். கொழுக்குமலைப் பக்கமிருந்து முகட்டு வழியாக அங்கே தாவலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

போடிக்குப் பக்கத்து மலைக் கிராமமான குரங்கணியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2018 மார்ச் 11 அன்று, கொழுக்குமலைப் பக்கமிருந்து இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுக்கள் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். ஆளுயரத்துக்கு வளர்ந்து காய்ந்த புல், செங்குத்தான சரிவு, பலத்த காற்று. தீ மேட்டை நோக்கித்தான் வேகமாக ஏறும், எந்த ஓட்டக்காரராலும் அதோடு போட்டி போட முடியாது. அதற்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை தீக்காலம், வனப் பாதைகள் மூடப்படும். 2024 அக்டோபரில் 40 வழித்தடங்களோடு அரசு தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் இணையத்தில் பதிவு செய்யலாம், குரங்கணி–சாம்பலாறு அந்தத் தடங்களில் ஒன்று. வழிகாட்டியோடு நடக்கிற ஏற்பாடு அது, ஓட்டத்துக்கானது இல்லை. இருந்தாலும் முதல் தடவை அதில் ஒருமுறை நடந்து பாருங்கள் என்றுதான் நான் சொல்வேன். சரிவு எப்படி இருக்கும், வெயில் எங்கே அறையும், தண்ணீர் எங்கே கிடைக்காது என்பதெல்லாம் காலுக்குத் தெரிந்துவிடும்.

அப்படியானால் ஓடுவது எங்கே? ஊர்ப் பாதைகளில். காந்தல்லூரிலும் வட்டவடையிலும் பூண்டு, கேரட், உருளைக்கிழங்கு விளையும் படிக்கட்டு வயல்களுக்கு நடுவே மண் பாதைகள் ஏறி இறங்குகின்றன. ஊர்க்காரர்கள் தினமும் நடக்கிற வழிகள், கேட்டால் தமிழிலேயே பதில் வரும். வயல் வரப்பில் ஓடுவதற்கு முன் "அண்ணே, இந்தப் பக்கம் போலாமா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். பெரும்பாலும் வழி சொல்வார்கள், கூடவே நேற்று ராத்திரி காட்டுமாடு எங்கே வந்தது என்பதையும் சொல்வார்கள். மறையூர்ச் சந்தனக் காட்டு வேலியின் பக்கம் மட்டும் ஒதுங்கக்கூட வேண்டாம், அங்கே காவல் பலமாக இருக்கும். உடுமலையிலிருந்து சின்னாறு வழியாக வரும் சாலை சரணாலயத்துக்குள் போகிறது, வண்டியை விட்டு இறங்காமல் தாண்டிவிடுங்கள்.

தேயிலைத் தோட்டத்து ஜீப் பாதைகளும் ஓட அருமையானவை. ஆனால் எல்லாம் கம்பெனி நிலம். தோட்ட அலுவலகத்தில் கேட்டுவிட்டு இறங்குங்கள். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் கரடுமுரடான பாதையில் விடியலுக்கு முன்னால் சூரிய உதயம் பார்க்கும் ஜீப்புகள் வரிசைகட்டி ஏறும். அந்தப் புழுதியிலும் வெளிச்சத்திலும் ஓடுவது ஓட்டமே இல்லை.

போடிமெட்டு, கம்பம்மெட்டுச் சாலைகள் பொதுவழி, யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் ஏலத் தோட்டத்து வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு காலையில் மேலேயும் சாயங்காலம் கீழேயும் ஜீப்புகள் பறக்கும் நேரத்தில் அந்த வளைவுகளில் நிற்பதற்கே பயமாக இருக்கும். அந்த நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள். ஏலத் தோட்டத்துக்குள் போகாதீர்கள். காய் எடுக்கும் பருவத்தில் முதுகில் பையோடு ஓடிவரும் அந்நியரைத் தோட்டக்காரர் வேறு மாதிரிதான் பார்ப்பார், அதில் நியாயமும் இருக்கிறது. யானைக்குப் போட்ட மின்வேலியும் அங்கே உண்டு. எந்தக் கம்பியையும் தொட்டுப் பார்க்க வேண்டாம்.

எந்த மாதம், எந்த நேரம்

ஜூன் முதல் செப்டம்பர் வரை மூணாறுப் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும். 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளை, புதைத்ததில் 70 பேர் போனார்கள், பெரும்பாலும் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். நான்கு நாள் விடாமல் மழை பெய்த சரிவில் பொழுதுபோக்காக ஓட ஒன்றுமில்லை. மழை மறைவுப் பகுதியான மறையூர், காந்தல்லூர் அப்போதும் ஓரளவு தாங்கும். அக்டோபர், நவம்பரில் வடகிழக்கு மழை, மதியத்துக்கு மேல் இடி. தீக்காலத்தை முன்பே சொல்லிவிட்டேன். மிச்சத்தில் ஏற்றது டிசம்பரும் ஜனவரியும், பிப்ரவரித் தொடக்கமும். புதியவருக்கு அதுதான் காலம். ஜனவரி விடியலில் மூணாறை அடுத்த செண்டுவாரைப் பக்கம் புல்மேல் உறைபனி படிந்திருக்கும், கையுறை இல்லாமல் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்க முடியாது.

நேரம் என்று பார்த்தால், சமவெளி ஓட்டக்காரர்கள் நான்கரை மணிக்கு எழுந்து பழகியவர்கள். அந்தப் பழக்கத்தை மலைக்குக் கொண்டுவர வேண்டாம். விடியலும் அந்தியும் யானையின் நேரம். ஏழரைக்குக் கிளம்பி மதியம் ஒரு மணிக்குள் முடித்துவிடும்படி வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் முடியாத பாதை உங்களுக்கு இப்போதைக்கு வேண்டாம்.

யானை

சின்னக்கானல், ஆனையிறங்கல், சூரியநெல்லி எல்லாம் யானை நடமாடும் இடங்கள். சின்னக்கானலில் வீடுகளையும் ரேஷன் கடையையும் உடைத்து அரிசி தின்ற அரிக்கொம்பன் என்ற யானையை 2023 ஏப்ரலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். அது மே கடைசியில் கம்பம் ஊருக்குள்ளேயே இறங்கி வந்தது. ஜூனில் தமிழ்நாட்டு வனத்துறை பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனது. எல்லை என்பது நமக்குத்தான்.

கிளம்பும் முன் ஜீப் டிரைவரிடமோ டீக்கடையிலோ "ஆனை எங்க நிக்குது?" என்று கேளுங்கள். சுற்றுலாக்காரரின் வேடிக்கைக் கேள்வியாக யாரும் நினைக்க மாட்டார்கள், அங்கே எல்லோரும் தினமும் கேட்கிற கேள்விதான். ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் செய்தி உடனுக்குடன் ஓடும். ஓடும்போது காதில் பாட்டு வேண்டவே வேண்டாம். ஈரம் காயாத யானைச் சாணம், புதிதாக முறித்த கிளை, கிளை ஒடியும் சத்தம் இவற்றில் எது தெரிந்தாலும் நின்று, வந்த வழியே சத்தமில்லாமல் திரும்புங்கள். தேயிலைச் செடி இடுப்பளவுதான், யானை நின்றால் தெரியாதா என்பீர்கள். வளைவுக்கு அந்தப் பக்கம், பனிக்குள் நின்றால் தெரியாது. போட்டோ எடுக்கக் கிட்டே போகாதீர்கள். துரத்தினால் பையை அங்கேயே போட்டுவிட்டு, பெரிய மரமோ பாறையோ இடையில் வரும்படி ஒதுங்குங்கள். ஓட்டத்தில் யானையை ஜெயிக்க முடியாது. காட்டுமாட்டுக்கும் இதே மரியாதைதான். தனியாக நிற்கும் கிழட்டுக் காளைக்கு இன்னும் அதிகமாக.

ஊரிலேயே பழகுவது

மலைக்கு வருவதற்கு முன் குறைந்தது இரண்டு மாதம் ஏற்றத்தில் பழகுங்கள். திண்டுக்கல் கோட்டை, வீட்டு மாடிப்படி, மேம்பாலம் எது கிடைத்தாலும் சரி. பழனிப் படியில் ஏறிப் பழகுகிறவர்கள் உண்டு. பக்தர்கள் வெறுங்காலோடு ஏறும் இடத்தில் ஷூ போட்டு இடித்துக்கொண்டு ஓடுவது எனக்கு ஒப்பவில்லை. பலரும் ஏற்றத்தை மட்டும் பழகிவிட்டு வருகிறார்கள். உண்மையில் ஆளைச் சாய்ப்பது இறக்கம். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குகிறது, அதனால்தான் அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் படி இறங்க முடியாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். மெதுவாக உட்கார்ந்து எழுவதும், படியில் நிதானமாக இறங்குவதும் வாரம் இரண்டு முறை செய்தால் இந்த வலி குறையும்.

காலும் மூச்சும்

ஏற்றத்தில் நடங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, இங்கிலாந்தின் வடபகுதி மலைகளில் தலைமுறை தலைமுறையாக இந்த ஓட்டத்தை ஓடுகிறவர்களே செங்குத்தில் தொடைமேல் கை ஊன்றி நடந்துதான் ஏறுகிறார்கள். 1932-இல் பாப் கிரஹாம் அங்கே 42 மலை உச்சிகளை 24 மணி நேரத்துக்குள் சுற்றி வந்தார். இன்றைக்கும் அதைத் திரும்பச் செய்கிறவர்கள் ஏற்றங்களில் நடக்கத்தான் செய்கிறார்கள். அடி குட்டையாக, மூச்சு சீராக. பக்கத்தில் வருகிறவரோடு ஒரு முழு வாக்கியம் பேச முடியவில்லை என்றால் வேகம் அதிகம்.

இறக்கத்தில் பயம் வந்ததும் உடம்பு பின்னால் சாயும், குதிகால் முதலில் விழும், வழுக்கும். கொஞ்சம் முன்னால் சாய்ந்து, குட்டைக் குட்டையாக, வேகமான அடிகள் வையுங்கள். கை இரண்டும் பக்கவாட்டில் விரிந்திருக்கட்டும். கண் காலைப் பார்க்கக் கூடாது, மூன்று நான்கு மீட்டர் முன்னால் பார்க்க வேண்டும். பாசி படிந்த ஈரப் பாறையில் எந்த ஷூவும் நிற்காது, அங்கே நடங்கள். தோட்டத்துக்குள் இன்னொரு ஆபத்து: தண்ணீர் வடிய வெட்டிய கான் செடிக்கு அடியில் மறைந்திருக்கும், கால் உள்ளே போனால் கணுக்கால் போனமாதிரிதான். கவாத்து வெட்டிய செடியின் குச்சிகள் ஈட்டி முனையோடு நிற்கும். அந்தப் பக்கம் விழக் கூடாது.

பைக்குள் என்ன

அடியில் நான்கைந்து மில்லிமீட்டர் பல் உள்ள ஷூ ஒன்றுக்குத்தான் காசு செலவழிக்க வேண்டும். கால் நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள், இல்லையென்றால் இறக்கத்தில் கறுத்துப்போகும். தண்ணீர் ஒன்றரை லிட்டர். தோட்டத்துக்குக் கீழே ஓடும் ஓடைத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் குடிக்காதீர்கள், தேயிலைக்கும் ஏலத்துக்கும் மருந்து அடிக்கிறார்கள். ஓஆர்எஸ் பாக்கெட் இரண்டு. கடலைமிட்டாய், பேரீச்சை, வாழைப்பழம் போதும், விலை உயர்ந்த ஜெல் தேவையில்லை. பிளாஸ்டிக் பையில் சுற்றிய உலர்ந்த மேல்சட்டை, மழைக் கோட்டு, சிறு டார்ச், நீளமான கட்டுத்துணி, விசில். சார்ஜ் நிறைந்த போனில் இணையம் இல்லாமலே திறக்கும் வரைபடம். தேனிச் சமவெளியைப் பார்த்த முகட்டில் பெரும்பாலும் சிக்னல் இருக்கும், அந்தப் பக்கச் சரிவில் இறங்கியதும் போய்விடும். மழை ஈரம் இருந்தால் அட்டை இருக்கும். காலுறைமேல் புகையிலைத் தண்ணீரோ உப்போ தடவிக்கொள்ளுங்கள்.

ஏதாவது ஆகிவிட்டால்

மேகம் இறங்கி வழி மறைந்தால் நின்றுவிடுங்கள். தெரிந்த இடம் வரை வந்த வழியே திரும்புங்கள். ஓடையைப் பிடித்துக் கீழே போனால் ஊர் வரும் என்று நம்பி இறங்குகிறவர்கள் அருவித் தலைப்பில் போய் நிற்கிறார்கள். இந்த மலையின் கிழக்கு முகம் முழுவதும் அப்படித்தான் அறுந்து கிடக்கிறது. மின்னலுக்கும் இடிக்கும் இடையில் முப்பது விநாடிக்குக் குறைவாக இருந்தால் முகட்டை விட்டு இறங்குங்கள், தனி மரத்தடியில் ஒதுங்காதீர்கள். புகை வாசனை வந்தால் மேட்டை நோக்கி ஓடாதீர்கள், புல் இல்லாத பாறைவெளியையோ ஏற்கெனவே எரிந்து கருகிய இடத்தையோ தேடுங்கள். கூட வருகிறவர் நடுங்கி, பேச்சு குழறினால் குளிர் ஏறிவிட்டது என்று அர்த்தம். ஈரச் சட்டையைக் கழற்றி உலர்ந்ததைப் போட்டு, காற்று படாத இடத்தில் இனிப்பு கொடுங்கள்.

பாம்பு கடித்தால் கீறுவது, கட்டி இறுக்குவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து, ஆளை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு ஜீப் பாதைக்கு வாருங்கள். உதவிக்கு 112, ஆம்புலன்ஸ் 108. தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை க.விலக்கில் இருக்கிறது. மலையிலிருந்து அங்கே போய்ச் சேர எத்தனை மணி ஆகும் என்று முன்கூட்டியே பார்த்து வையுங்கள். விசிலில் நிமிடத்துக்கு ஆறு ஊதல், ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு.

முதல் ஓட்டம்

இரண்டு மூன்று பேராக வாருங்கள். சனிக்கிழமை மதியத்துக்குள் காந்தல்லூர் வந்து, ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்த ஊரின் பாதையை வெளிச்சம் இருக்கும்போதே நடந்து பார்த்துவிடுங்கள். ராத்திரி சோறு சாப்பிட்டு நன்றாகத் தூங்குங்கள். ஞாயிறு காலை லேசாக இரண்டு இட்லி, ஏழரைக்குக் கிளம்பல். ஏழு கிலோமீட்டர், 300 மீட்டர் ஏற்றம், நெய்ஸ்மித் கணக்கில் இரண்டு மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். எந்த வழியாகப் போகிறோம், எத்தனை மணிக்கு வருவோம், வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதைத் தங்கும் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

வந்ததும் முதல் வேலை அவரிடம் வந்துவிட்டோம் என்று சொல்வது. அப்புறம் அட்டை, உண்ணி இருக்கிறதா என்று முழங்கால் மடிப்பிலும் அக்குளிலும் பாருங்கள். ஷூவில் ஒட்டிய மண்ணையும் புல் விதையையும் அங்கேயே தட்டிவிடுங்கள். மூன்று நாள் ஓட வேண்டாம். அடுத்த தடவை வரும்போது தூரம் அதேதான், ஏற்றத்தில் மட்டும் நூறு மீட்டர் கூட்டுங்கள்.